விடை ஏன் தவறியது? வானியல் பத்திகளிலிருந்து முடிவெடுக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

போட்டித் தேர்வுகளில் நாலைந்து வரிப் பத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு, கீழுள்ள கூற்றுகளில் எது அதிலிருந்து பெறப்படும் என்று கேட்பார்கள். பத்தி வானியலைப் பற்றியதாக இருந்தால் அறிவியல் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குவதுண்டு. அங்கே இடைஞ்சல் செய்வது அவர்களுக்குத் தெரிந்த செய்திகளேதான்.

கோளாறு எங்கே என்று பார்க்காமல் இன்னும் நூறு கேள்விகள் போட்டுப் பயனில்லை. பழைய பயிற்சித் தாள்களை எடுங்கள். தவறிய கேள்விகளில் இருபதைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீங்கள் போட்ட விடையையும் சரியான விடையையும் எழுதுங்கள். ஒரு கூற்றுக்கு மூன்றே நிலைகள்தான்: பத்தியிலிருந்து பெறப்படும், பத்திக்கு முரண்படும், பத்தியை வைத்துச் சொல்ல முடியாது. ‘சொல்ல முடியாது’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘பெறப்படும்’ போட்டவை அதிகமா? அப்படியானால் வரிசையாகப் படியுங்கள். அதற்கு நேர்மாறா? நான்காவது அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான சோதனை ஒன்று உண்டு. பத்தியின் ஒவ்வொரு வரியும் உண்மையாகவும், கூற்று மட்டும் பொய்யாகவும் இருக்கும்படி ஒரு வானத்தைக் கற்பனை செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்தக் கூற்று பெறப்படாது. அந்த வானம் நிஜத்தில் இருக்கவேண்டியதில்லை, பத்தியோடு மோதாமல் இருந்தால் போதும். இதை இனி ‘மாற்று வானம்’ என்றே குறிப்பிடுவோம்.

அறிகுறி 1: “உண்மையான செய்தியைத்தானே தேர்ந்தெடுத்தேன், ஏன் தவறு?”

பத்தி: “வெள்ளி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 225 புவி நாள்கள் ஆகின்றன. விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால், அது தன் அச்சில் ஒருமுறை சுழல ஏறத்தாழ 243 புவி நாள்கள் ஆகின்றன.”

கூற்று 1: வெள்ளி தன் அச்சில் ஒரு சுழற்சியை முடிப்பதற்குள் சூரியனை ஒருமுறை சுற்றி முடித்துவிடுகிறது.
கூற்று 2: வெள்ளி கிழக்கிலிருந்து மேற்காகச் சுழல்கிறது.
கூற்று 3: வெள்ளியில் ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையிலான காலம் அதன் ஆண்டைவிட நீளமானது.

முதல் கூற்று பெறப்படும். 243 என்பது 225-ஐவிடப் பெரியது, அவ்வளவுதான். இரண்டாவது உண்மை, பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் பத்தியில் திசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ‘வெள்ளியில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிடப் பெரியது’ என்று எங்கோ படித்தது நினைவில் இருக்கும், கை தானாக ‘பெறப்படும்’ என்பதற்குப் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கோள் சுழலும் திசையும் சூரியனைச் சுற்றும் திசையும் ஒன்றாக இருந்தால், உதயத்திலிருந்து உதயம் வரை ஆகும் காலம் 225 × 243 ÷ (243 − 225), அதாவது 3,000 நாள்களுக்குச் சற்று மேல். திசைகள் எதிரெதிராக இருந்தால் 225 × 243 ÷ (243 + 225), அதாவது ஏறத்தாழ 117 நாள்கள். ஒரே பத்தி இந்த இரண்டு வானங்களுக்கும் பொருந்துகிறது. ஒன்றில் கூற்று 3 உண்மை, மற்றதில் பொய். ஆகவே ‘சொல்ல முடியாது’. நிஜத்தில் வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வதால் 117 நாள்கள்தான் சரி. மனப்பாடமாக வைத்திருந்த வரி உதயத்துக்கு உதயம் கணக்கில் தவறு என்பதும் இதில் தெரிந்துவிடுகிறது.

சரிசெய்ய: பத்தியின் வரிகளுக்கு எண் கொடுங்கள். ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் அதைத் தாங்கும் வரி எண்ணை எழுதுங்கள். எழுத எண் கிடைக்காவிட்டால் கூற்றை அடித்துவிடுங்கள். சொற்களின் வழக்கமான பொருளையும் கூட்டல் கழித்தல் கணக்கையும் வெளியிலிருந்து கொண்டுவரலாம். இயற்பியல் விதியைப் பத்தியே தந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

அறிகுறி 2: ‘என்றால்’ வரும் பத்திகளில் மட்டும் மதிப்பெண் போகிறது

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நிபந்தனையைத் தலைகீழாகப் படித்துவிடுகிறோம்.

“சூரிய கிரகணம் அமாவாசையன்று மட்டுமே நிகழும்” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறி போட்டு எழுதினால்: சூரிய கிரகணம் → அமாவாசை. ‘மட்டுமே’ எந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கிறதோ அது அம்புக்குறியின் வலப்பக்கம் போகும். இதை மட்டும் கைக்குப் பழக்கிக்கொண்டாலே இந்த அறிகுறியில் பாதி தீர்ந்துவிடும்.

இதிலிருந்து முறையாகக் கிடைப்பது ஒரே ஒரு மாற்றுவடிவம்: அமாவாசை இல்லை → சூரிய கிரகணம் இல்லை. இரு பக்கத்தையும் மறுத்து அம்புக்குறியைத் திருப்ப வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பிழை. ‘இன்று அமாவாசை, ஆகவே கிரகணம்’ என்பது திருப்பியது, மறுக்கவில்லை. ‘இன்று கிரகணம் இல்லை, ஆகவே அமாவாசை இல்லை’ என்பது மறுத்தது, திருப்பவில்லை. ஆண்டுக்கு 12 அல்லது 13 அமாவாசைகள் வருகின்றன. சூரிய கிரகணமோ உலகம் முழுவதற்கும் சேர்த்து 2 முதல் 5 வரைதான். நிலவின் பாதை புவியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழல் புவியின் மேல் விழாமல் விலகிப் போய்விடுகிறது.

தெரிந்த உதாரணத்தில் யாரும் ஏமாறுவதில்லை. தெரியாததில்தான் கோளாறு. “சூரியக் குடும்பத்தின் பெருங்கோள்கள் நான்குக்கும் வளையங்கள் உண்டு. சாரிக்லோ என்ற பொருளுக்கும் வளையங்கள் உண்டு.” இதிலிருந்து சாரிக்லோ பெரியது என்று எடுத்தால் போச்சு. அது சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே சுற்றிவரும், ஏறத்தாழ 250 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சிறு பொருள். புகை கண்டு நெருப்பை அனுமானிக்கலாம், நெருப்பு கண்டு புகையை அனுமானிக்கக் கூடாது என்று பழைய தருக்க நூல்கள், நெருப்பு இருந்தும் புகை இல்லாத பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டிச் சொல்வது இதைத்தான்.

அறிகுறி 3: ‘சில’, ‘பெரும்பாலான’, ‘எல்லா’ வந்தால் குழப்பம்

‘சில’ என்றால் குறைந்தது ஒன்று. அதற்கு மேல் எதையும் அது சொல்வதில்லை. “சில விண்மீன்கள் சூரியனைவிடப் பெரியவை” என்பதிலிருந்து ‘சில சிறியவை’ என்பது பெறப்படாது. பேச்சில் அந்தக் குறிப்பு ஒலிக்கும். தேர்வில் அதற்கு மதிப்பில்லை.

தமிழில் எழுதப்பட்ட பத்திகளில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. “எல்லாக் கோள்களுக்கும் துணைக்கோள்கள் இல்லை.” எந்தக் கோளுக்கும் இல்லை என்றும் படிக்கலாம், சில கோள்களுக்கு இல்லை என்றும் படிக்கலாம். இப்படி ஒரு வரி வந்தால் ‘குறைந்தது ஒரு கோளுக்கு இல்லை’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாசிப்புகளிலும் அது நிற்கும். அதற்கு மேல் எடுக்கப் பத்தியின் மற்ற வரிகள் துணை வரவேண்டும்.

‘பெரும்பாலான’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘எவற்றில்?’ என்று கேளுங்கள். “வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் பெரும்பாலானவை சூரியனைவிட அதிக ஒளி உமிழ்பவை” என்பது சரியான செய்தி. ‘விண்மீன்களில் பெரும்பாலானவை’ என்று கூற்று மாறியதும் அது பொய்யாகிவிடுகிறது. நம் பால்வீதியின் விண்மீன்களில் முக்கால்வாசி அளவுக்குச் செங்குறுமீன்கள், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன்கள். அவற்றில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சூரியனுக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் பிராக்சிமா சென்டாரியே தெரிவதில்லை. கண்ணில் படுவது எது என்பதை வெளிச்சம் தீர்மானிக்கும்போது, கண்ட கூட்டம் மொத்தக் கூட்டத்தின் மாதிரியாக இருக்காது. 1995-இல் 51 பெகாசியைச் சுற்றி 4.2 நாளில் ஒருமுறை சுழலும் கோள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தொடக்கத்தில் இத்தகைய ‘வெப்ப வியாழன்கள்’, அதாவது விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன் போன்ற பெருங்கோள்கள், நிறைய அகப்பட்டதும் இதனால்தான். கோளின் ஈர்ப்பால் விண்மீன் தள்ளாடுவதை அளந்துதான் அன்று தேடினார்கள்; பெரியதும் விண்மீனை ஒட்டிச் சுற்றுவதுமான கோளே அந்த முறையில் எளிதாகச் சிக்கும்.

அறிகுறி 4: எதைக் கேட்டாலும் ‘சொல்ல முடியாது’ என்றே போடத் தோன்றுகிறது

மேலே சொன்ன எச்சரிக்கைகளையெல்லாம் படித்தவர்களுக்கு வரும் நோய் இது. பத்தியில் நேராக எழுதப்படாத ஒன்றும் உறுதியாகப் பெறப்படலாம்.

பத்தி: “சூரியக் குடும்பத்தில் எட்டுக் கோள்கள். அவற்றில் ஆறுக்குத் துணைக்கோள்கள் உண்டு. நான்குக்கு வளையங்கள் உண்டு.”

கூற்று: குறைந்தது இரண்டு கோள்களுக்குத் துணைக்கோள், வளையம் இரண்டும் உண்டு.

பெறப்படும். துணைக்கோள் இல்லாத கோள்கள் இரண்டுதான். நான்கு வளையங்களில் இரண்டை அந்த இரண்டுக்கும் மாட்டிவிட்டாலும், மீதி இரண்டு வளையங்கள் துணைக்கோள் உள்ள கோள்களுக்குத்தான் போயாக வேண்டும். மாற்று வானம் கட்டவே முடியாது. அதே பத்தியை வைத்து ‘வளையமுள்ள எல்லாக் கோள்களுக்கும் துணைக்கோள் உண்டு’ என்று கேட்டால்? நிஜத்தில் உண்மை, ஆனால் பெறப்படாது. இந்த ஜோடியை முழுதாகப் புரிந்துகொண்டால் அறிகுறி 1-ம் 4-ம் சேர்ந்தே குணமாகும்.

கணக்கு வழியே வருவது இன்னொரு வகை. “சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அகத்திய விண்மீன் ஏறத்தாழ 310 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. நமக்குச் சிரியஸ் அகத்தியத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு பிரகாசமாகத் தெரிகிறது. பிரகாசம் தொலைவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும்.” தொலைவு விகிதம் 36, அதன் வர்க்கம் 1,300-ஐ ஒட்டி வரும். அதை இரண்டால் வகுத்தால் அகத்தியம் உமிழும் ஒளி சிரியஸைப்போல 600 மடங்குக்கும் மேல். ஆகவே ‘அகத்தியம் சிரியஸைவிட அதிக ஒளி உமிழ்கிறது’ என்ற கூற்றுக்குத் தயங்காமல் ‘பெறப்படும்’ போடலாம். கடைசி வரியைப் பத்தியிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள்; அதே கூற்று கண்டிப்பான வினாவில் ‘சொல்ல முடியாது’ பக்கம் சாய்ந்துவிடும்.

சோதனை: மாற்று வானத்தைக் கட்ட ஒரு நிமிடம் உண்மையிலேயே முயலுங்கள். முயலாமலே ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று நினைப்பது சோதனை ஆகாது.

அறிகுறி 5: முன் வந்தது, பின் வந்தது என்றால் காரணம் சொல்லிவிடுகிறேன்

பத்தி: “1987 பிப்ரவரி 23 அன்று, பெரிய மெகல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் வெடித்த விண்மீன் ஒன்றிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் புவியில் பதிவாயின. வெடிப்பின் ஒளி முதன்முதலில் படத்தில் பதிவானது அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான்.”

கூற்று: நியூட்ரினோ ஒளியைவிட வேகமாகச் செல்லும்.

இங்கே கேட்கவேண்டியவை மூன்று. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினவா? ஒரே பாதையில் தடையின்றி வந்தனவா? பதிவான நேரமும் வந்துசேர்ந்த நேரமும் ஒன்றா? மூன்றில் ஒன்றுக்காவது பத்தியில் விடை இல்லையென்றால் கூற்று விழுந்துவிடும். நடந்தது இதுதான்: விண்மீனின் உட்கரு சரிந்ததும் நியூட்ரினோக்கள் சில வினாடிகளில் வெளியேறிவிட்டன. ஒளியோ, அதிர்ச்சி அலை மேற்பரப்பை எட்டும்வரை உள்ளே காத்திருந்தது. அந்த இடம் 1,60,000 ஒளியாண்டுகளுக்கும் மேல் தொலைவு. அவ்வளவு தூரம் வந்தும் வித்தியாசம் சில மணி நேரம்தான் என்றால், இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் அந்தப் பதிவிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடிய முடிவு.

அறிகுறி 6: ‘மிக நியாயமான முடிவு எது’ என்ற வினாவும் ‘கண்டிப்பாக உண்மை எது’ என்ற வினாவும் ஒன்றாகத் தோன்றுகின்றன

ஒன்றல்ல. முதல் வகையில் மாற்று வானம் கட்ட முடிந்தாலும் விடை சரியாக இருக்கலாம்; மற்ற விடைகளைவிட அது வலுவாக இருந்தால் போதும். வினாவின் முதல் வரியைப் படிக்காமல் பத்திக்குத் தாவுகிறவர்கள் இங்கே இழக்கிறார்கள்.

வித்தியாசத்தைக் காட்ட வானியல் வரலாற்றில் அருமையான இரட்டை நிகழ்ச்சி உண்டு. 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவின் மேல் முழு சூரிய கிரகணம் வந்தது. குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் உள்ளிட்ட பலர் சூரியனின் விளிம்பிலிருந்து வரும் ஒளியை நிறங்களாகப் பிரித்து, அந்த நிறமாலையை ஆராய்ந்தார்கள். மஞ்சள் பகுதியில் ஒரு கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடுகளுக்கு அருகில்தான், ஆனால் அவற்றோடு பொருந்தவில்லை. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் புதிய தனிமம் என்று ஆங்கிலேய வானியலாளர் லாக்யர் முடிவுகட்டினார். 1895-இல் வேதியியலாளர் ராம்சே அதைப் புவியிலேயே ஒரு கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தார். அதுதான் ஹீலியம்.

அடுத்த ஆண்டு, 1869 ஆகஸ்ட் கிரகணத்தில், சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டத்தில் (கொரோனாவில்) பச்சைக் கோடு ஒன்று தென்பட்டது. அலைநீளம் 530.3 நானோமீட்டர். தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை, ஆகவே புதிய தனிமம் என்று அதே வாதத்தை வைத்து ‘கொரோனியம்’ என்று பெயரும் கொடுத்தார்கள். எழுபது ஆண்டுகள் கழித்து குரோட்ரியன், எட்லென் என்ற இரு இயற்பியலாளர்களின் ஆய்வுகளால் அது பழைய இரும்பே என்று தெரிந்தது. 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. ஒளிவட்டத்தின் வெப்பம் பத்து லட்சம் பாகையை எட்டுவதால்தான் அந்த நிலை சாத்தியமாயிற்று. அன்றைய ஆய்வகத்தில் அப்படியோர் இரும்பை யாரும் பார்த்ததில்லை.

இரண்டு வாதங்களுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை. அப்படியானால் அந்த வடிவம் ‘கண்டிப்பாக உண்மை’ வகைக்கு ஒருபோதும் போதாது. இடையில் எழுதப்படாத ஒரு வரி ஒளிந்திருக்கிறது: ‘ஒவ்வொரு தனிமமும் தரக்கூடிய எல்லாக் கோடுகளும் நமக்குத் தெரியும்.’ மிக நியாயமான முடிவைக் கேட்டால் ‘புதிய தனிமமாக இருக்கலாம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம், தவறில்லை. ‘அந்தத் தனிமம் புவியில் இல்லை’ என்ற கூற்றை இரண்டு வகையிலும் அடித்துவிடுங்கள். இதுவரை காணவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு.

இந்த வகை வினாவுக்கு ஒரே பயிற்சி, ஒளிந்திருக்கும் வரியை எழுதிப் பார்ப்பதுதான். பத்திக்கும் கூற்றுக்கும் நடுவே ‘ஏனென்றால்’ என்று போட்டு வாக்கியத்தை முடியுங்கள். முடித்த வாக்கியம் பத்தியில் இல்லாவிட்டால் கூற்று அந்த அளவுக்குப் பலவீனம்.

சின்னச் சின்னவை

‘இருக்கலாம்’, ‘கருதப்படுகிறது’ ஆகியவை கூற்றில் ‘இருக்கிறது’ என்று மாறிவிட்டதா என்று பாருங்கள். சந்திரயான்-1 தரவுகளை வைத்து 2009-இல் நிலவின் பரப்பில் நீர் அல்லது ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த கூறு) இருப்பதற்கான தடயம் அறிவிக்கப்பட்டது. ‘அல்லது’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘நிலவில் தண்ணீர் ஓடுகிறது’ வரைக்கும் போன கூற்றுகள் உண்டு.

சராசரியைப் பகுதிக்கு ஒட்டாதீர்கள். சனியின் சராசரி அடர்த்தி நீரைவிடக் குறைவு, கன செ.மீ.க்கு 0.69 கிராம். அதன் உட்பகுதி முழுவதும் நீரைவிட லேசானது என்று அதற்குப் பொருளில்லை.

கண்ட நேரமும் நடந்த நேரமும் வேறு. நண்டு நெபுலாவைத் தந்த வெடிப்பு 1054-இல் காணப்பட்டது. அது 6,500 ஒளியாண்டு அளவு தொலைவில் இருப்பதால் ‘1054-இல் நடந்தது’ என்ற கூற்று, பத்தி தொலைவைச் சொல்லியிருந்தால் முரண்.

இரண்டு விடைகளில் மாட்டிக்கொண்டால்

இரண்டையும் ஒப்பிட்டு, சொல்வது குறைவாக இருப்பதை எடுங்கள். ‘சில’ உள்ளதற்கு ‘எல்லா’ உள்ளதைவிட வாய்ப்பு அதிகம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கும் தேர்வில், நான்கில் இரண்டை நீக்கிவிட்டால் ஊகித்துப் போடுவது சராசரியில் லாபம்தான். ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, நேரம்தான் வீண்.

பயிற்சிக்கு ஒரு பத்தி

“1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. மறைப்பதற்கு முன் விண்மீனின் ஒளி ஐந்து முறை சிறிது நேரம் மங்கியது. மறைப்பு முடிந்த பின்னும் ஐந்து முறை, கோளின் மையத்திலிருந்து ஏறத்தாழ அதே தொலைவுகளில் மங்கியது. விண்மீனின் இயல்போ நம் வளிமண்டலமோ கருவியோ அதற்குக் காரணம் அல்ல.”

(அ) விண்மீனுக்கும் நமக்கும் இடையே ஒளியைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருந்தது.
(ஆ) யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன.
(இ) சனியைத் தவிர வளையமுள்ள கோள் யுரேனஸ் மட்டுமே.
(ஈ) யுரேனஸின் வளையங்கள் ஐந்துதான்.

(அ) பெறப்படும், கடைசி வரி மற்ற வழிகளை அடைத்துவிடுகிறது. (ஆ) மிக நியாயமான முடிவு, கண்டிப்பானது அல்ல. ஐந்து ஜோடித் துணைக்கோள்கள் இருபக்கமும் சம தொலைவில் நின்றிருந்தாலும் இதே பதிவு கிடைக்கும், ஆனால் அதை நம்ப யாரும் முன்வரமாட்டார்கள். ஒரு பக்கத்துப் பதிவு மட்டும் கையில் இருந்திருந்தால் துணைக்கோள் என்ற விளக்கமும் சமபலத்தோடு நின்றிருக்கும். அன்றைய மறைப்பைத் தமிழ்நாட்டில் காவலூர் வானாய்வகத்திலிருந்தும் கவனித்தார்கள். (இ) சொல்ல முடியாது. பத்தி மற்றக் கோள்களைப் பற்றிப் பேசவே இல்லை. (ஈ) சொல்ல முடியாது. ஒளியை மங்கச் செய்யாத அளவுக்கு மெல்லிய வளையங்கள் தப்பியிருக்கலாம். இன்று யுரேனஸுக்குத் தெரிந்த வளையங்கள் 13.